‘சிஸ்டத்துல ஏறல’

தேவிகாபுரத்துப் பட்டுத்தறிகளில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளை போட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே ஏறும், துளை இல்லாத இடத்தில் ஏறாது. சேலையில் அன்னமும் மாங்காயும் விழுவது இப்படித்தான். ஓர் அட்டையில் ஒரு துளை தப்பாகப் போய்விட்டால் அன்னத்தின் மூக்கு உடைந்துவிடும். ஒரு தடவையோடு முடியாது. அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் உடையும். 1804 வாக்கில் பிரான்சில் ழாக்கார் என்பவர் உருவாக்கிய இந்த அட்டை முறையிலிருந்துதான் பின்னாளில் கணினிக்கு ஆணை கொடுக்கும் துளை அட்டைகள் வந்தன. ஆக, கணினி வருவதற்கு முன்பே மென்பொருளில் கோளாறு என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சொந்தத் தறி வைத்திருப்பவர் மூக்குடைந்த அன்னத்தைப் பார்த்ததும் தறியை நிறுத்துகிறார். அட்டையைக் கழற்றி, அடித்துக் கொடுத்தவரிடமே கொண்டுபோகிறார். அவர் தப்பான துளையின் மேல் காகிதம் ஒட்டி, சரியான இடத்தில் வேறு துளை போட்டுக் கொடுக்கிறார். கதை முடிந்தது. எங்களுக்குத் தெரிந்த காலனித் தம்பி ஒருவர் கூலிக்கு நெய்கிறவர். அவரும் அதே மூக்கைத்தான் பார்த்தார், போய்ச் சொன்னார். “உனக்கு ஒழுங்கா மிதிக்கத் தெரியல, அட்டய குத்தம் சொல்ல வந்துட்டியா?” என்று பதில் வந்தது. சேலைக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்தார்கள். அட்டையை மாற்றியது அதற்கப்புறம்தான், வேறொருவர் சொன்ன பிறகு.

இந்தக் கட்டுரை அட்டையைப் பற்றியது அல்ல. செயலிகளைப் பற்றியது. ஆனால் விஷயம் இதுதான்: கோளாறைக் கண்டுபிடிப்பது யார் என்பது ஒன்று, கண்டுபிடித்ததைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்பது வேறொன்று.

மென்பொருள் எழுதுகிற தமிழர்கள் இந்தக் கோளாறுக்கு ‘வழு’ என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி இலக்கணத்தில் படித்த அதே வழுதான். வழு, வழாநிலை, வழுவமைதி. பசுவைப் பார்த்து அம்மா வந்தாள் என்றால் அது வழு, ஆனால் பாசத்தில் சொன்னதால் மன்னிக்கலாம், அது வழுவமைதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டை அம்மா ஆக்கினால் அமைதி கிடைக்கிறது. அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறோம்: யார் செய்த பிழை வழு, யார் செய்த பிழை வழுவமைதி?

நூறு நாள் வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். தலித்துகள் மக்கள் தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகவே இதில் இருக்கிறார்கள். சேரிக்கும் ஊருக்கும் பொதுவாக ஒரே கூலி, ஒரே மண்வெட்டி என்று இருந்த அபூர்வமான இடம் இது. 2021 மே மாதம் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் என்.எம்.எம்.எஸ். என்ற வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2022 மே முதல் இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடங்களிலும் கட்டாயம், தனிநபர் பயன்பெறும் பணிகள் மட்டும் விலக்கு. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வேலையாட்களைப் படம் பிடித்து, இடத்தின் குறிப்போடு மேலே ஏற்ற வேண்டும். ஏறினால் வேலை செய்தீர்கள். ஏறாவிட்டால் செய்யவில்லை.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எங்கள் பிரச்சினை.

தேவிகாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் நடந்தது. ஊர்ப்பெயர் போடவில்லை, போட்டால் முதலில் மாட்டப்போவது அந்தப் பணித்தளப் பொறுப்பாளர் பெண், அவளும் நம் தெருக்காரி. ஏரி வரத்துக் கால்வாயில் வேலை. காலைப் படம் ஏறிவிட்டது. மதியப் படம் எடுத்தாள், சுற்றிக்கொண்டே இருந்தது, ஏறவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போனாள், அங்கேயும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படமே இல்லை. கூலி வந்தபோது பதினான்கு பெண்களுக்கு ஒரு நாள் குறைந்தது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அது நகரத்தில் இருவர் சாப்பிடும் பிரியாணிக் காசு என்று சிலர் நினைக்கலாம். இவர்களுக்கு அது கேஸ் சிலிண்டருக்குச் சேர்க்கிற பணம்.

அலுவலகத்துக்குப் போனோம். “ஏம்மா, சிஸ்டத்துல ஏறலன்னா நாங்க இன்னா பண்ண முடியும்? போட்டோ இருந்தா காட்டு” என்றார் அங்கிருந்தவர். போட்டோ தொலைந்துபோனதுதான் புகாரே. தொலைந்த பொருளைக் காட்டினால்தான் தொலைந்ததை நம்புவேன் என்கிற நியாயத்தை இங்கேதான் கேட்டோம். “நாங்க மண்ணு வெட்டனத நீங்க வந்து பாருங்க சார், பள்ளம் அங்கதான கீது” என்றாள் ஒரு அக்கா. பள்ளம் சாட்சியாகாதாம்.

அன்று சாயங்காலம் காலனி சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒரு காரியம் செய்தோம். மென்பொருள் உலகத்தில் வழுவை எப்படித் தெரிவிக்கிறார்களோ அப்படியே எழுதிப் பார்ப்போம் என்று நோட்டு எடுத்தோம். இதற்கு அந்த உலகத்தில் எழுதப்பட்ட நெறிமுறையே உண்டு. 1999இல் சைமன் டேத்தம் என்ற ஆங்கிலேய நிரலாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் புதியவர்களுக்குப் படிக்கக் கொடுக்கப்படுகிறது. அதன் சாரம் எளிது. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதே. என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், உண்மையில் என்ன நடந்தது, இவற்றை வரிசையாகச் சொல். நீ பார்த்ததை அவர்களும் தங்கள் கணினியில் பார்க்கும்படி செய். பார்த்ததை ஒருபக்கம் வை, அதற்குக் காரணமாக நீ நினைப்பதை வேறுபக்கம் வை.

படிக்காதவர்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் அந்தக் கூடத்தில் இருந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் படம் எடுத்தாள் என்று கேட்டோம். மூன்று மணி பஸ் போனதுக்கு அப்புறம் என்றார்கள். மேகம் மூடியிருந்தது, தூறல் வரவில்லை என்றார்கள். பிறகு எழுபதை நெருங்கும் ஒரு ஆயா, அதுவரை பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், சொன்னார்: “செவப்பு கவர் போட்ட போன்ல எடுத்தா ஏறுது பாப்பா. அது ரிப்பேருக்குப் போன வாரத்துல இவ வீட்டுக்காரன் போன எடுத்தாந்தா. அதுல எடுத்த நாள்லாம் தகராறுதான்.” போனை வாங்கிப் பார்த்தோம். பழைய போன். உள்ளே இடமே இல்லை, முழுக்கச் சினிமாப் பாட்டு வீடியோ. சோதனைக்காக ஒரு படம் எடுத்தோம். சேமித்ததுபோலக் காட்டியது, திறந்து பார்த்தால் காணோம். ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பது என்று சமூகவியல் முதுகலையில் ஆய்வு முறையியல் தாளில் நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை ஆயா வெற்றிலைக்கு நடுவே சொல்லி முடித்தார்.

இரண்டு பக்கத்துக்கு அருமையான வழு அறிக்கை. போனின் மாதிரி, செயலியின் பதிப்பு எண், தேதி, நேரம், இடம், மீண்டும் செய்து பார்த்த விவரம் எல்லாம் இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு சோதனை செய்கிறவர்கள் எழுதுவதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

அதை எங்கே அனுப்புவது?

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் நாங்கள் நின்றுவிட்டோம். செயலி பொறுப்பாளரின் போனில் இருக்கிறது. கூலி ஆயாவுடையது. செயலியின் கணக்குப்படி ஆயா அதைப் பயன்படுத்துகிறவர் அல்ல, படத்தில் இருக்கிற ஒரு உருவம். முகம் அவருடையது, வியர்வை அவருடையது, காணாமல்போன 336 ரூபாயும் அவருடையது. ஆனால் ‘பயனர்’ என்ற பட்டத்துக்கு அவர் தகுதியில்லாதவர். செயலியில் உள்ள சிக்கல்கள் தேசியத் தகவல் மையத்திடம் எடுத்துச் செல்லப்படுகின்றன, மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் கேட்கிற புதிய வசதிகள் சேர்க்கப்படுகின்றன என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. கவனியுங்கள், மாநிலங்கள் கேட்டால் சேர்ப்பார்கள். வேலை செய்கிறவர் கேட்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. கேட்டால் அது மனு. மனுவாகத்தான் கொடுத்தோம். ரசீது கிடைத்தது. மேலே போன மனு சுற்றிவிட்டு, ‘போட்டோ இருந்தா காட்டு’ என்றவரின் மேசைக்கே திரும்பி வந்தது. ‘மனு மீது தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. கூலி வரவில்லை.

வழு அறிக்கைக்கும் மனுவுக்கும் உள்ள தூரம் சின்னதல்ல. மென்பொருள் உலகத்தில் வழுவைச் சொல்கிறவர் உதவி செய்கிறவர். அவருக்கு நன்றி சொல்வது மரபு. டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழு 1997இல் தனக்குத்தானே ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. சிக்கல்களை மறைக்க மாட்டோம், எங்கள் வழுப் பதிவேடு முழுவதும் எப்போதும் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கும் என்பது அதில் ஒரு விதி. இன்றும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு வழுவுக்கும் எண் உண்டு. யார் சொன்னார், யார் பதில் சொன்னார், ஏன் மூடினார் என்பது எல்லாம் பெயரோடு இருக்கும். மூடியது தவறு என்றால் மீண்டும் திறக்கலாம். அதே ஊரில் சண்டை, அலட்சியம், புதியவர்களை ஏளனம் செய்வது எல்லாமும் உண்டு, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் சண்டையும் பதிவாகிறது. மனு அப்படியல்ல. மனு போடுகிறவர் கை கட்டி நிற்கிறார். தீர்த்துவிட்டோம் என்றால் தீர்ந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய கேலி உண்டு. யாராவது கோளாறு சொன்னால், ‘அது வழு இல்லை, வசதி’ என்பார்கள். நூறு நாள் வேலையில் அந்தக் கேலி கேலியாக இல்லை. படம் ஏறாவிட்டால் கூலி கிடையாது என்பது யாரோ கவனக்குறைவாக விட்ட ஓட்டை அல்ல, உட்கார்ந்து யோசித்து எழுதிய விதி. சந்தேகம் வந்தால் தொழிலாளி பக்கம் தீர்ப்பதா, கருவூலத்தின் பக்கம் தீர்ப்பதா என்று யாரோ ஓர் அறையில் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் மண்வெட்டி பிடித்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

சரி, போராடினால் மாறவில்லையா? மாறியது. சிக்னல் இல்லாத இடத்திலும் படம் எடுத்து வைத்துப் பிறகு ஏற்றலாம் என்று வந்தது. இரண்டாவது படத்துக்கான நேரம் முதல் படத்திலிருந்து நான்கு மணி நேரம் கழித்து என்று தளர்ந்தது. தமிழ் உட்பட வேறு மொழிகள் வந்தன. தவிர்க்க முடியாத காரணத்தால் பதிவாகாவிட்டால் கையால் பதிவேற்ற மாவட்ட அளவில் அதிகாரம் தரப்பட்டது. 2023 பிப்ரவரியில் தொடங்கி டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் வேலைத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்ததையும் மறக்கக் கூடாது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து தார்ச்சாலையில் உட்கார்ந்தால்தான் ஒரு செயலியின் கோளாறைச் சொல்ல முடியும் என்றால், உலகத்திலேயே விலை அதிகமான வழு அறிக்கை அதுதான். கையால் பதிவேற்றலாம் என்ற அந்த விதிவிலக்கை எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதைவிட வேடிக்கை 2025 ஜூலையில் நடந்தது. செயலி தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுவது, படத்தில் இருப்பவர்களுக்கும் பதிவில் இருப்பவர்களுக்கும் பொருந்தாத எண்ணிக்கை. திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்த செயலி திருட்டைத் தடுக்கவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். செயலியைக் கைவிட்டார்களா? இல்லை. ஊராட்சி அளவில் படங்களை நூறு சதவீதம் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அவர்களுடைய வழுவுக்கு அமைதி கிடைத்தது, தண்டனையாகக் கீழே இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. 2025 டிசம்பரில் சட்டமே மாறி, நாள்கள் 125 என்று ஆகியிருக்கிறது. புதிய சட்டத்திலும் தொழில்நுட்பக் கண்காணிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

கூலி தாமதமானால் 2005 சட்டத்தில் இழப்பீடு உண்டே என்று சட்டம் தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. நாளொன்றுக்கு 0.05 சதவீதம். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் நின்றுபோனால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். அதுவும் கணினி தாமதத்தை ஒப்புக்கொண்டால்தான். வேலையே செய்யவில்லை என்று கணினி சொல்லிவிட்டால் தாமதம் எங்கிருந்து வரும்?

நம் மக்கள் விஷயத்தில் அரசுச் செயலிகள் இப்படி நடந்துகொள்வது முதல் தடவை அல்ல. 2020 டிசம்பரில் சமூக நீதி அமைச்சகம் ஒரு செயலி வெளியிட்டது. உலர் கழிப்பிடம் எங்கே இருக்கிறது, கையால் மலம் அள்ளுகிறவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தவர்கள் படத்தோடு அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் பதிவுகள் போயின. சரிபார்த்தோம், ஒன்றும் உறுதியாகவில்லை என்று பதில் வந்தது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றார்கள். பாதாளச் சாக்கடையில் இறந்தவர்கள்? அவர்கள் வேறு கணக்காம். நிரலாளர்கள் சோம்பலாக வழுவை மூடும்போது ‘எங்கள் கணினியில் இப்படி நடக்கவில்லை’ என்று எழுதுவார்கள். நாடாளுமன்றத்தில் வரையறையை மாற்றியே பிணங்களை மூடினார்கள்.

இங்கிலாந்திலும் ஒரு கதை இருக்கிறது. அங்கே அஞ்சல் நிலையங்களுக்கு ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் தொலைபேசியில் சொன்னபோது, உங்களுக்கு மட்டும்தான் இப்படி, வேறு யாரும் சொல்லவில்லை என்றார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நம் நாட்டு வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. 2019இல்தான் உயர் நீதிமன்றம் மென்பொருளில் வழு இருந்ததை உறுதி செய்தது, 2024இல் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அந்த வழுக்கள் தயாரித்தவர்களின் உள்பதிவேட்டில் இருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் பார்க்கும் இடத்தில் இல்லை. ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்ற பொய்யைப் பதிவேடு திறந்திருந்தால் ஒரு நாள்கூடச் சொல்லியிருக்க முடியாது.

செயலியே வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. காகித மஸ்டர் ரோல் காலத்தையும் நாம் பார்த்தோம், அப்போதும் பேனா நம் கையில் இல்லை. செத்தவர் பெயரில் கூலி எடுத்தவர்கள் யார் என்று நம் தெருவுக்குத் தெரியும். எனவே பழையபடி காகிதத்துக்குப் போவோம் என்று மட்டும் கேட்பது போதாது. செயலி இருக்கும்வரை எங்கள் கேட்பு இது. ஒரு நாள் வருகையைப் பற்றி வேலை செய்தவரும் பொறுப்பாளரும் வாயால் சொல்வதும் கணினி சொல்வதும் மாறுபட்டால், முதலில் கூலியைக் கொடு, பிறகு விசாரி. பொய் சொன்னதாக நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. வழு என்று ஒருவர் சொன்னால் அதற்கு எண் கொடு, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இணையத்திலும் போடு, மூடினால் ஏன் மூடினாய் என்று தமிழில் எழுது. 2005 சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமை கொடுத்தது. கால்வாயை அளக்கலாம், மஸ்டர் ரோலைப் படிக்கலாம். அந்தக் கால்வாயில் வெட்டிய மண்ணை எண்ணுகிற செயலியை மட்டும் ஏன் தணிக்கை செய்யக் கூடாது?

1919இல் சவுத்பரோ குழுவின் முன்னால் அண்ணல் அம்பேத்கர் சாட்சியம் சொன்னபோது, தீண்டப்படாத மக்களுக்காக அவர்களே பேச வேண்டும், அவர்களின் பிரதிநிதித்துவத்தை வேறு யாரும் செய்ய முடியாது என்றுதான் வாதாடினார். 1893இல் ‘பறையன்’ என்று தன் இதழுக்குத் துணிந்து பெயர் வைத்த இரட்டைமலை சீனிவாசனும் நம் குறையை நம் பெயரிலேயே அச்சில் போட வேண்டும் என்று நினைத்தவர்தான். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. வழுவை எழுதுவது, வரிசைப்படுத்துவது, மூடுவது உங்கள் அன்றாடத் தொழில். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் கூடத்தில் வந்து உட்காருங்கள்.

அந்த நோட்டில் இப்போது புதிய வசதிகளுக்கான பக்கமும் இருக்கிறது. படம் ஏறியதும் ‘இன்று இத்தனை பேர்’ என்று போன் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு அக்கா எழுதச் சொன்னாள், எழுத்து தெரியாதவர்களும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். ஏறாவிட்டால் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு வேண்டும் என்றாள் இன்னொருத்தி. பொறுப்பாளர் பெண் தன் பங்குக்கு, சொந்த போனும் சொந்த ரீசார்ஜும் எத்தனை நாளைக்கு என்று எழுதச் சொன்னாள். ஆயா கேட்டதையும் அப்படியே எழுதியிருக்கிறோம்: “தெனம் ரெண்டு வாட்டி எங்க மூஞ்சிய புடிக்கிறாங்களே, அத யார் பாக்குறாங்கன்னு ஒரு வாட்டி காட்டச் சொல்லு.”

ஜனவரி 26 கிராம சபையில் நோட்டை முழுவதும் வாசிக்கப்போகிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்திருப்பதில்லை என்று பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இதுபோல் நாள் குறைந்தவர்கள் தேதி, நேரம், போன் மாதிரி மூன்றையும் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்துக்கு வாருங்கள். வேலை அட்டையையும் எடுத்து வாருங்கள்.